ஒரே எண் துப்பாக்கி

ஸ்டில்வெல், ஓக்லஹாமா
மார்ச் 7, 1994

அன்புள்ள தம்பி வெண்டலுக்கு,

'அன்புள்ள' என்பது கைப்பழக்கத்தில் வந்துவிட்டது, நம்பிவிடாதே. என் குரலைக் கேட்டாலே போனை வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன்.

சனிக்கிழமை என் வீட்டுக்காரர் க்ளைடு மீன் வெட்டும் கத்தி வாங்க வேண்டும் என்று துல்சா துப்பாக்கிச் சந்தைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். அங்கே ஒரு மேசையில் அப்பாவின் துப்பாக்கி படுத்திருந்தது. ஸ்வீடன் ராணுவத்துக்காக 1900-இல் ஜெர்மனியில் செய்த அதே மவுசர். நம் நாய் டஸ்டி குட்டியாக இருந்தபோது அதன் மரக்கட்டையில் பதித்த பல்தடம்கூட அப்படியே இருக்கிறது.

இப்போது அது ப்ரூவிட் என்கிற பெரியவருடையது. மனைவி போன பிறகு துப்பாக்கிதான் அவருக்குத் துணையாம். என்னைப் பிடித்து நிறுத்திவிட்டார். "இங்க பாரும்மா, குழல்லேருந்து சின்னத் திருகு வரைக்கும் ஒரே நம்பர். இந்த மாதிரி ஒண்ணு வாழ்க்கையில ஒரு தடவைதான் கெடைக்கும். வெண்டல் ஹட்சன்ஸ்கிட்ட வாங்கினது, அவரே பாத்துச் சொன்னது. அவரு வாயில பொய்யே வராது!" என்று போல்டை, தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் அந்த இரும்புத் தண்டை, உருவிக் காட்டினார். 418.

418 என்று எண் போட்ட போல்ட் என் சமையலறை இழுப்பறையில், கைத்துணிக்கு அடியில் கிடக்கிறது. அது தொலைந்த பிறகு அப்பா வாங்கிப் போட்டதில் வேறு எண் இருந்தது. அதை அரத்தால் அழித்துவிட்டு நீ 418 அடித்திருக்கிறாய்.

ஈஸ்டருக்குள் அந்த மனிதரிடம் நீயே போய்ச் சொல். இல்லாவிட்டால் நான் சொல்வேன்.

லோரெட்டா

•

மஸ்கோகி
மார்ச் 11

லோரெட்டா,

ஆக, திருடி நீதானா! அப்பா அதைத் தேடிக் கொட்டகையைத் தலைகீழாகப் புரட்டினார், கிணற்றில் காந்தம் கட்டி இறக்கினார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முன்வரிசையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு பாடுகிறவளே, அப்போதெல்லாம் வாயில் என்ன கொழுக்கட்டையா?

என் தொழில் உனக்குப் புரியாது. வெளிநாட்டிலிருந்து வந்த பழைய துப்பாக்கி என்றால் கான்சாஸிலிருந்து அர்கன்சாஸ் வரை என் பேச்சுக்குத்தான் விலை. ஒரே ஒரு எண்ணில் நான் பொய் சொன்னேன் என்று தெரிந்தால் போதும், இதுவரை நான் கை வைத்த அத்தனையையும் சந்தேகப்படுவார்கள். அத்துடன் கடைக்குப் பூட்டுதான்.

ஒரு வழி இருக்கிறது. அந்த போல்டை என்னிடம் கொடு. எண்ணெய் போட்டுத் தருகிறேன் என்று ப்ரூவிட்டிடம் துப்பாக்கியை வாங்கிச் சத்தமில்லாமல் மாற்றிவிடுகிறேன். நான் சொன்னது அப்போது நிஜமாகிவிடும். கிழவருக்கும் லாபம்தான். உனக்கு என்ன குறைந்துவிடும்?

அது காணாமல் போனது அப்பா சாப்பாட்டு மேசையில் விளையாட்டுக் காட்டிய மறுநாள். எனக்கு மறக்கவில்லை. காலித் துப்பாக்கியை வைத்து ஒரு மனிதர் வேடிக்கை செய்ததற்கு அப்படியொரு தண்டனையா? நீயும் அம்மாவும் சேர்ந்தால் அவர் தும்மினாலும் குற்றம்தான்.

வெண்டல்

•

ஸ்டில்வெல்
மார்ச் 16

வெண்டல்,

எடுத்தது நான் இல்லை, அம்மா. அப்பா இருக்கும்வரை வாய் திறக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தாள். அவரைப் போன அக்டோபரில் புதைத்துவிட்டோம். இனி எனக்கு வாய்ப்பூட்டு இல்லை.

டஸ்டி ஓடிப்போய்விட்டதாக அப்பா சொன்னது பொய். கட்டையைக் கடித்ததற்காக அப்பா அதைச் சுட்டார். மறுநாள் அவர் மரஅறுவை ஆலைக்குப் போனதும், அம்மா போல்டைக் கழற்றி உள்ளே இருந்த ஊசியை அரத்தால் தேய்த்தாள். தோட்டாவின் அடியில் குத்தி வெடிக்க வைக்குமே, அந்த ஊசி. அவளுக்கு என்ன தெரியும்? தெரிந்தவரை தேய்த்தாள்.

அந்த வாரமே நீ வேலிக்கதவைத் திறந்து போட்டு, கன்றுகள் சாலைக்குப் போய்விட்டன. மேசையில் வறுத்த மீன் ஆறிக்கொண்டிருந்தது. அப்பா உன் மார்பில் குழலை வைத்து விசையை இழுத்தார். 'டிக்' என்றது. "காலித் துப்பாக்கிடா, பயந்தாங்கொள்ளி!" என்று சிரித்துக்கொண்டே வாசலுக்குப் போனார். உனக்குக் கால்சட்டை நனைந்துவிட்டது, ஆனாலும் நீ சேர்ந்து சிரித்தாய். அதை மாற்ற நீ ஓடிய பிறகு அம்மா போல்டை இழுத்தாள். தோட்டா ஒன்று துள்ளி விழுந்து அடுப்புக்கு அடியில் உருண்டது. பொறுக்கியவள் நான்.

இதைத்தான் அடக்கத்தன்று நீ வேடிக்கைக் கதையாகச் சொல்லி ஊரையே சிரிக்க வைத்தாய்.

தோட்டாவைத் தபாலில் வாங்க மாட்டார்கள். க்ளைடு வெள்ளிக்கிழமை போல்டையும் அதையும் உன் கடையில் கொண்டு வந்து கொடுப்பார். காபி நீட்டாதே, உன் கையால் அவர் வாங்கிக் குடிக்க மாட்டார். என் பேச்சை நம்ப வேண்டாம். எவனோ கொண்டு வந்த சாமானாக நினைத்து நீயே பார்த்துக்கொள்.

லோரெட்டா

•

மஸ்கோகி
மார்ச் 29

லோரெட்டா,

பார்த்தேன். எண் அசல். துரு இல்லை. ஊசி பாழ். தட்டை அரத்தால் யாரோ கோணலாக இழுத்திருக்கிறார்கள். வேறு எவனாவது கொண்டு வந்திருந்தால், "எந்த மடையன்டா இதுல கை வெச்சது?" என்று கத்தியிருப்பேன்.

தோட்டாவின் அடியில் சின்னதாக ஒரு பள்ளம். அதுவும் அதே பக்கம் கோணல். பூதக்கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு, மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். அம்மா அரத்தை இன்னும் கொஞ்சம் சீக்கிரம் நிறுத்தியிருந்தால் வெடித்திருக்கும். எண்ணில் பொய் சொன்னவன்தான் நான். ஆனால் இப்படிப் பார்த்துச் சொல்வதில் என் கண் தப்பாது.

திங்கட்கிழமை ப்ரூவிட் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். நான் திருப்பிக் கொடுத்த பணத்தை அவர் எண்ணிப் பார்க்கக்கூட இல்லை. துப்பாக்கியைக் கையில் கொடுத்துவிட்டு, "உங்க வாய நம்பித்தானய்யா வாங்கினேன்" என்றார். கதவைச் சாத்திக்கொண்டார். அடுத்த சந்தைக்குள் எல்லாருக்கும் தெரிந்துவிடும். உனக்கு மனம் குளிர்ந்திருக்கும்.

ஆனால் ஒன்று. அப்பாவின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று நான் கதை சொன்னபோது நீ முன்வரிசையில்தான் இருந்தாய். அவரைப் புதைக்கும் முன்பே உன் சத்தியம் முடிந்துவிட்டது. எழுந்து வந்து என் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கலாம். "வாய மூடு வெண்டல்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சிரிக்க விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாய். அதை உனக்கு நான் மன்னிக்க மாட்டேன். இனி எழுதாதே. நவம்பரில் நன்றி கூறும் நாள் விருந்துக்கு எனக்குத் தட்டு வைக்காதே.

போல்டைத் திருப்பி அனுப்புகிறேன், உன் கைத்துணிக்கு அடியிலேயே கிடக்கட்டும். துப்பாக்கி எண் பொருந்தாமலே என்னிடம் இருக்கும்.

தோட்டாவைத் தர மாட்டேன். அது எனக்கென்று போட்டது.

வெண்டல்