இல்லாத குழந்தைக்கு ஏழு போர்வை

மார்ச் 4
நம் ஊர், நாரின்

என்னோடு ஒரே வருஷத்தில் பிறந்து, என்னையே ஏமாற்றிவிட்டுப் போன சூசருக்கு ஜுராகான் எழுதுவது.

நீ என்னிடம் பொய் சொன்னாய். பேரனுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது, தொட்டில் விருந்துக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, பிஷ்கேக்கில் போய்க் கத்திக்குக் கீழே படுத்தாய். இந்த எழுபத்தொரு வருஷத்தில் நீ எனக்குச் செய்ததில் இதைவிடப் பெரிய அநியாயம் வேறு இல்லை.

கடிதம் என்றால் முதலில் நலம் விசாரிப்பதுதான் முறை. நான் விசாரிக்கப்போவதில்லை. உன் நலம் என்னவென்று உன் மருமகள் எல்னுரா நேற்று போனில் சொல்லிவிட்டாள். கட்டியை முழுசாக எடுத்துவிட்டார்கள், அக்குளில் எடுத்துப் பார்த்ததிலும் ஒன்றுமில்லை, எங்கும் பரவவில்லை என்று முடிவு வந்துவிட்டதாம். அழுதுகொண்டே சொன்னாள். நான் அழவில்லை. போனை வைத்துவிட்டு அடுப்பில் இரண்டு வரட்டியைத் திணித்தேன். வரட்டி ஈரம். புகை கண்ணில் பட்டது, அவ்வளவுதான்.

இதையெல்லாம் போனிலேயே கேட்டிருக்கலாமே என்பாய். போனில் நீ சிரித்தே மழுப்பிவிடுவாய். காகிதத்திடம் மழுப்ப முடியாது. நான் சொல்லி முடிக்கிறவரை நீ வாயை மூடிக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

ஒரே வருஷத்தில் பிறந்தவர்கள் ஒருவரை ஒருவர் என்ன பேசினாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது என்று நம்மவர்கள் வைத்திருக்கிறார்கள். நீ என்னை 'மூணு மாசக் கிழவி' என்று ஊர் நடுவில் கூப்பிட்டிருக்கிறாய். நான் மூன்று மாதம் மூத்தவள் என்பதால் விருந்தில் பெரிய எலும்பு எனக்கும், அடுத்தது உனக்கும் வரும்போதெல்லாம், "மூணு மாசத்துக்கு ஒரு தொடை எலும்பாடி? உங்கம்மா கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா?" என்று கேட்டிருக்கிறாய். ஒருநாளும் நான் கோபித்ததில்லை. இப்போது கோபம் இருக்கிறது. அந்த வழக்கம் பேச்சுக்குத்தான். பொய்க்கு இல்லை.

போன இலையுதிர் காலத்திலிருந்தே நான் கவனித்திருக்க வேண்டும். என் வீட்டுக்காரர் பக்கவாதத்தில் விழுந்து மூன்று வருஷம் ஆகிறது. தினமும் காலையில் பால் கறந்துவிட்டு நீ வருவாய். கட்டிலுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீ. விரிப்பின் இரண்டு ஓரத்தையும் பிடித்து அவரைத் திருப்பிப் படுக்க வைப்போம். மூன்று வருஷத்தில் அவர் முதுகில் ஒரு புண் வந்ததில்லை. அதை நாரின் ஆஸ்பத்திரி டாக்டரே மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டி மெச்சினார். திடீரென்று நீ ஒரு கையால் தூக்க ஆரம்பித்தாய். "என்னடி, இடது கையை வீட்டுலயே வச்சிட்டு வந்துட்டியா?" என்று கேட்டேன். "அதுக்கு வயசாயிடுச்சுடி. பென்ஷன் வாங்கிட்டு ஒதுங்கிடுச்சு" என்றாய். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு இரண்டு மாதம் உன்னைச் சோம்பேறி என்று திட்டியிருக்கிறேன். அந்த இரண்டு மாதமும் உன் இடது மார்பில் கட்டி இருந்திருக்கிறது.

பிள்ளை பிறந்த கதையை நீ சொன்னபோதும் கேட்டேன். "உன் பேரன் பொண்டாட்டி எப்போடி மாசமா இருந்தா? எனக்குத் தெரியாம?" நீ அசரவில்லை. "இந்தக் காலத்துப் பொண்ணுங்க கண்ணு பட்டுடும்னு புள்ள பொறக்கற வரைக்கும் வாயைத் திறக்கறதில்ல" என்றாய். நம்பினேன். உன் பசுவை என் தொழுவத்தில் கட்டிவிட்டு, வாடகைக்கு ஓட்டுகிற எர்மெக்கின் வண்டியில் ஏறிப் போனாய். நான் உட்கார்ந்து தொட்டிலுக்குப் போர்வை தைத்தேன். நம் முறைப்படி ஏழு போர்வை. என் பெட்டியில் இருந்த நல்ல துணியையெல்லாம் வெட்டி, முக்கோணமும் சதுரமுமாக ஒட்டுப்போட்டுத் தைத்தேன். என் கல்யாணச் சட்டையின் கைகளும் அதில் போயின. யாருக்கு? பிறக்காத பிள்ளைக்கு.

நீ போன மறுநாளிலிருந்து வீட்டுக்காரர் சாப்பிட மறுத்தார். கஞ்சியைக் கொண்டுபோனால் வாயை இறுக்கிக்கொள்வார். வேலை செய்கிற அந்த ஒரு கையைத் தூக்கி மார்பில் இடது பக்கம் தட்டித் தட்டிக் காட்டுவார். கண்ணில் தண்ணீர். நெஞ்சு வலிக்கிறது என்று நினைத்து நர்ஸ் நஸீராவைக் கூட்டி வந்தேன். அவள் பார்த்துவிட்டு, "இதயம் குதிரை மாதிரி நல்லா ஓடுது பெரியம்மா, ஒண்ணுமில்ல" என்றாள். ஆனால் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. அவர் வாயில் நெஞ்சு மருந்தை ஒன்பது நாள் சொட்டுச் சொட்டாக விட்டேன். "பிடிவாதம் பிடிக்காதீங்க, உங்களுக்கு எடுத்துச் சொல்ல சூசரும் ஊர்ல இல்ல" என்று அதட்டினேன்.

போர்வை மூட்டையை எர்மெக்கிடம் கொடுத்தனுப்பினேன். மூன்றாம் நாள் மூட்டையோடு திரும்பி வந்து நின்றான். "பெரியம்மா, அந்த வீட்டுல தொட்டிலும் இல்ல, புள்ளையும் இல்ல. மூட்டையைப் பிரிச்சதும் எல்னுரா அக்கா தரையில உக்காந்து அழுவுறாங்க. மாமியார் கண்ணுல படக் கூடாது, திருப்பிக் கொண்டுபோயிடுன்னாங்க. என்னை ஒண்ணும் கேக்காதீங்க, நான் வண்டி ஓட்டுறவன்" என்றான்.

பிள்ளை செத்துவிட்டது என்று நினைத்தேன். வேறு என்ன நினைப்பேன்? சாவை நம்மில் யார் நேராகச் சொல்கிறார்கள்? துக்கம் கேட்க பிஷ்கேக் போக வேண்டும், இரண்டு நாள் வீட்டுக்காரரைப் பார்த்துக்கொள் என்று சொல்ல நஸீராவிடம் போனேன். அவள் சட்டென்று தலையைத் தூக்கினாள். "போகாதீங்க பெரியம்மா, பனி, தோலோன் கணவாய் மூடியிருக்கு" என்றாள். எர்மெக் அன்று காலைதான் அந்தக் கணவாய் வழியாக வந்திருந்தான். அவள் மேஜையில் ஒரு காகிதம், அவளைப் பார்த்தபடி இருந்தது.

நான் நாலாம் வகுப்போடு நின்றவள் என்பது உனக்குத் தெரியும். மீதியெல்லாம் மேய்ச்சல் குடிசையில் படித்தது. குளிருக்காக அப்பா சுவரெல்லாம் பழைய செய்தித்தாள் ஒட்டியிருந்தார். அவருக்கு எழுத்து தெரியாது, பாதித் தாள்களைத் தலைகீழாக ஒட்டிவிட்டார். நான் அதையும் விடவில்லை. பள்ளிக்கூடத்தில் பத்து வருஷம் உட்கார்ந்தவர்களுக்கு வராதது எனக்கு வரும். நஸீராவின் காகிதத்தை எதிர்ப்பக்கம் உட்கார்ந்தே படித்தேன். உன் பெயர். பிறந்த வருஷம், அது என்னுடையதும்தான். இடது மார்பு. அதற்குக் கீழே இருந்ததையும் படித்தேன்.

"அவங்க என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாங்க பெரியம்மா" என்று நஸீரா அழுதாள். "உன் சத்தியத்துக்கு ஒண்ணும் ஆகல. நீ சொல்லல, நான் படிச்சேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

வீட்டுக்கு வந்து கட்டில் பக்கத்தில் நின்று கேட்டேன். "உங்களுக்குத் தெரியுமா?" கண்ணை மூடித் திறந்தார். அதுதான் அவருடைய 'ஆமாம்'.

அவரிடம் சொல்லியிருக்கிறாய்! நான் பால் காய்ச்சப் போயிருந்தபோது, வாய் பேச முடியாதவரின் காதில் போய் உன் பயத்தையெல்லாம் கொட்டியிருக்கிறாய். யாரிடமும் சொல்லமாட்டார் என்று நினைத்தாய். அவர் ஒன்பது நாள் சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்குத்தான் கேட்கவில்லை.

இப்போது நான் செய்ததையும் எழுதிவிடுகிறேன். எல்னுராவுக்குப் போன் போட்டேன். எனக்குத் தெரியும் என்பதை உன்னிடம் சொல்லக் கூடாது, முடிவு வரும்வரை உன் மனசு கலங்கக் கூடாது என்று கட்டளையிட்டேன். அடுத்த நாள் நீயே கூப்பிட்டாய். பிள்ளை நாலு கிலோ என்றாய். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு! "மூக்கு யாரு மாதிரிடி?" என்று கேட்டேன். "உன்னை மாதிரி இல்ல. தப்பிச்சுது" என்றாய். நான் சிரித்தேன். சிரித்து முடித்து, போனை வைத்துவிட்டு, தொழுவத்தில் உன் பசுவின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு இருட்டும்வரை நின்றேன். நானும் பொய்தான் சொன்னேன். ஆனால் ஆரம்பித்தவள் நீ.

பன்னிரண்டு நாள் அப்படிப் போனது. நேற்று முடிவு வந்ததும், நல்லது நடந்தால் செய்கிற வழக்கப்படி ஏழு ரொட்டி சுட்டு ஏழு வீட்டுக்கு எடுத்துப் போனேன். முதல் வீட்டிலேயே தூர்சுன் ரொட்டியை வாங்கிக்கொண்டு, "சூசருக்கு நல்ல சேதி வந்திடுச்சா?" என்றாள். அடுத்த வீட்டிலும் அதே கேள்வி. ஏழு வீட்டுக்கும் தெரிந்திருக்கிறது! நீ போனதிலிருந்து காலையில் தினமும் ஒருத்தி என் வீட்டுக்கு டீ குடிக்க வந்தாள். வந்தவள் வந்த கையோடு விரிப்பின் ஓரத்தைப் பிடித்தாள். ஊர்க்கதை பேச ஆள் தேடி வருகிறார்கள் என்று நினைத்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். திங்களுக்கு இவள், செவ்வாய்க்கு அவள் என்று நீதான் முறை போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாய். "அவ கேட்டா நான் சொன்னேன்னு சொல்லாதீங்க, விளக்குமாத்தை எடுத்துக்கிட்டுப் பஸ் ஏறிடுவா" என்று சொன்னாயாம். ஏறியிருப்பேன். அதில் சந்தேகமில்லை.

உன் பசு போன வாரம் கன்று போட்டது. நெற்றியில் வெள்ளைப் பொட்டு, கிடேரி. சீம்பாலை ஒரு கரண்டி வீட்டுக்காரர் வாயில் வைத்தேன். அன்றுதான் இரண்டாவது கரண்டிக்கும் வாயைத் திறந்தார். நேற்று சேதியைக் காதில் சொன்னதும் கண்ணை மூடித் திறந்தார். மறுபடி மூடித் திறந்தார். அதை எத்தனை தடவை செய்தாரோ. ராத்திரி கஞ்சி முழுவதையும் குடித்தார்.

ஆகவே கோபத்தைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை என்று இந்தக் கடிதத்தை முடித்திருப்பேன். ஆனால் எல்னுரா இன்னொன்றும் சொன்னாள். கட்டி மறுபடி வராமல் இருக்க இருபத்தைந்து நாள் கதிர்வீச்சுக் கரண்ட் வைக்க வேண்டுமாம். நீ மாட்டேன் என்கிறாயாம். நவ்ரூஸ் பண்டிகைக்கு ஊருக்குப் போயாக வேண்டும், ஜுராகான் ஒருத்தியால் அவரைத் திருப்ப முடியாது, முதுகில் புண் வந்துவிடும் என்கிறாயாம். டாக்டர் சொல்லியும் கேட்கவில்லையாம்.

சூசர், அவர் முதுகைக் காரணமாகக் காட்டாதே. உனக்குப் பயம். அதை அவரிடம் சொன்னாய் அல்லவா, என்னிடமும் சொல். நான் ஒன்றும் உடைந்து போய்விடமாட்டேன்.

இனி நடக்க வேண்டியது இது. இதில் பேச்சுக்கு இடமில்லை.

நீ இருபத்தைந்து நாளும் இருந்து முடிப்பாய். இருபத்து நாலு இல்லை. எல்னுரா தினமும் நீ உள்ளே போய் வெளியே வந்ததும் எனக்குப் போன் போடுவாள். ஏமாற்றினால் அவளையும் திட்டி எழுதுவேன். முடிந்ததும் உன் மகன் தன் வண்டியில் உன்னைக் கூட்டி வருவான். வாடகை வண்டியில் ஏற்றிவிடக் கூடாது. கணவாயில் இரண்டு இடத்தில் நிறுத்தி டீ வாங்கிக் கொடுக்க வேண்டும்.

தூர்சுனும் மற்ற ஆறு பேரும் நீ போட்ட முறைப்படியே வருவார்கள். முகத்தைத் தூக்கி வைத்ததற்கு அவர்களிடம் நான் மன்னிப்புக் கேட்க மாட்டேன், ஆனால் டீயில் வெண்ணெய் போடுவேன். நீ திரும்பிய பிறகும் அவர்கள் வருவார்கள். நீ பக்கத்தில் உட்கார்ந்து மேற்பார்வை பார்ப்பாய். அது உனக்கு நன்றாக வரும்.

எர்மெக் இந்தக் கடிதத்தோடு ஒரு சின்ன மூட்டையும் கொண்டுவருவான். இந்தத் தடவை திருப்பி அனுப்பக் கூடாது. ஏழு போர்வையில் ஆறைப் பிரித்து, நம் ஆட்டு ரோமம் அடைத்து, அக்குளுக்கு அடியில் வைத்துக்கொள்ளத் தலையணையாகத் தைத்திருக்கிறேன். அறுவை செய்த பக்கம் கை வீங்காமல் இருக்க இப்படி வைக்கச் சொல்லி நஸீரா சொன்னாள். பிள்ளையைத் தொட்டிலில் இடும்போது சொல்வதை இதைத் தைக்கும்போதும் சொன்னேன். என் கையல்ல, பிள்ளைகளைக் காக்கிற உமாய் தாயின் கை. ஏழாவது போர்வையை வெட்டவில்லை. உன் பேரனுக்கு இனிமேலாவது நிஜமாக ஒன்று பிறக்கட்டும்.

நான் செய்ய வேண்டியதும் ஒன்று இருக்கிறது. வியாழக்கிழமை நஸீராவிடம் போய்ச் சட்டையைக் கழற்றி என் மார்பையும் காட்டுவேன். எழுபத்தொரு வருஷம் ஒரு டாக்டருக்கும் காட்டாதவள். எனக்கும் பயம்தான். உன்னிடம் சொல்கிறேன், பார்.

கடைசியாக ஒன்று. பந்தியில் எனக்குப் பிறகுதான் உனக்கு எலும்பு வரும். மற்றதும் அப்படித்தான். நான் மூன்று மாதம் மூத்தவள். எங்கேயும் எனக்கு முன்னால் போக உனக்கு உரிமை கிடையாது.

கட்டிலுக்கு அந்தப் பக்கத்தில் உன் இடம் இருக்கிறது.

ஜுராகான்