உப்பு தொண்ணூறு கிலோ

நாமக்கல், 2.6.2025

முபஷிர்,

மாதையண்ணனின் வேலையைப் பறித்தது நம் மென்பொருளில் நீ எழுதிய ஃபங்ஷன்.

வெள்ளியங்கிரி அண்ணனின் மில்லில் பதினாறு வருடமாகக் கோழித் தீவனம் கலந்தவர் அவர். ஆபீஸில் யாரோ டன்னுக்கு உப்பு 3.5 கிலோ என்பதை 3..5 என்று தட்டிவிட்டார்கள். நம் கருவி உருவாக்கிய, கலவைப் பட்டியலை வரிவரியாகப் படிக்கும் பார்சர் அந்த வரியில் நின்றிருக்க வேண்டும். மற்ற உதவி ஃபங்ஷன்கள் தவறு என்றால் -1 திருப்புகின்றன. எண்ணைப் படிக்கும் உன்னுடையது மட்டும் +1. பூஜ்யத்துக்குக் கீழே வந்தால்தான் பார்சருக்குத் தவறு. அதனால் சரி என்று நினைத்து, மேல் வரியில் சுண்ணாம்புக்கல்லுக்கு இருந்த தொண்ணூறு கிலோவையே உப்புக்கும் சீட்டில் அச்சடித்தது.

நாலாயிரம் கோழி செத்தது. "இத்தன உப்பாங்கன்னு கேட்டனுங்க. சீட்டுல இருக்கறதப் போடுன்னாங்க" என்கிறார். கேட்டவர் தெருவில், போடச் சொன்னவர்கள் ஏசி அறையில்.

என்ன செய்யப் போகிறாய்?

சௌமியா

சென்னை, 5.6.2025

அன்புள்ள சௌமியா,

நீ திட்டினால்தான் ஊர் ஞாபகமே வருகிறது. சேலம் வந்தும் எங்கள் வீட்டுக்கு வராமல் போகிறாய் என்று என் அம்மாவுக்கு வருத்தம்.

தவறு என்னுடையதுதான். எது எதைத் திருப்ப வேண்டும் என்று நாம் உட்கார்ந்து பேசவே இல்லை. ஆனால் இந்த மாதம் ஒரு கம்பெனி நம் கருவியை வாங்கப் பார்க்கிறது. சத்தமில்லாமல் திருத்திவிடு. மாதையனுக்கு வேறு மில்லில் சொல்லிப் பார்க்கலாம்.

அன்புடன்,
முபஷிர்

நாமக்கல், 8.6.2025

முபஷிர்,

திருத்திவிட்டேன். ஏழு ஃபங்ஷனுக்கும் இனி ஒரே வழக்கம்: பூஜ்யம் என்றால் சரி, கீழே போனால் தவறு. 3..5 கொடுத்தேன், வரி எண்ணைச் சொல்லி நிற்கிறது. நம் கருவி ஓடும் மற்ற ஆறு மில்லிலும் நானே போய் மாற்றினேன்.

வேறு மில்லாம். கோழியைக் கொன்றவர் என்று சேந்தமங்கலம் வரை பேர் போய்விட்டது, யார் சேர்ப்பார்கள்? வெள்ளியங்கிரி அண்ணனிடம் எல்லாம் சொன்னேன். "அக்ரிமெண்ட்ல கையெழுத்துப் போட்டது அந்தப் பையன். தப்பு எங்களுதுன்னு அவன் எழுதிக் குடுக்கட்டும் சாமி, மாதையன நாளைக்கே வரச் சொல்றேன்" என்றார்.

இரண்டு வரி போதும். வெள்ளிக்குள் அனுப்பு. திங்கள் அவர் இடத்துக்குப் புது ஆள் வருகிறார்.

சௌமியா

நாமக்கல், 17.6.2025

முபஷிர்,

புது ஆள் நேற்று சேர்ந்துவிட்டார். உன் இரண்டு வரி வரவில்லை.

மாதையண்ணன் தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறார். எழுதியது நான். பழைய ஃபங்ஷனையும் இணைத்தேன். அதன் தலைப்பில் உள்ள உன் பெயரை அழிக்கவில்லை. முப்பதாம் தேதி காலை பத்தரைக்கு விசாரணை. கருவியைப் பற்றி நான் பேசுவேன், எனக்கு நன்றாகவே பேச வரும். கையெழுத்துப் போட்டவன் நீ. வந்து சேர்.

சௌமியா

30.6.2025, காலை 10.25

முபஷிர்,

அடுத்து எங்களைக் கூப்பிடுவார்கள். "அந்தத் தம்பி வருதுங்களா?" என்று மாதையண்ணன் மூன்றாவது முறையாகக் கேட்கிறார்.

அவருக்குப் பதில் சொல்.