பேட்டரிப் பெட்டியின் இரண்டாவது சாவி

அண்ணா,

நேற்று உன் ட்ரெயிலரின் மேல் கிடந்த தார்ப்பாயை அண்ணி இழுத்துப் போட்டார். ஒன்றரை வருஷமாக ட்ரெயிலர் வீட்டுக்குப் பின்னால் மூடிக் கிடந்தது. பாயைத் தூக்கியதும் பேட்டரி ஆசிட்டும் துருவும் கலந்த புளித்த வாடை வந்தது. உன் சட்டையில் எப்போதும் அடித்த வாடை. புதைந்த கார்களை இழுத்து ஏற்றும் வின்ச்சின் இரும்புக் கயிறு உருளையோடு ஒட்டிப் போயிருந்தது. அதன் பக்கத்தில் பேட்டரிப் பெட்டி. பெட்டியில் நான் வாங்கித் தந்த பூட்டு.

"சாவி அவரோடயே போச்சு. அறுத்துத்தான் எடுக்கணும்" என்றார் அண்ணி. "வண்டிய திரும்ப ஓட்ட விடலாம்னு இருக்கேன். என் தம்பி வர்றேன்றான். கரண்டு எதுல இருந்து எடுக்கறதுன்னு மட்டும் நீ சொல்லிடும்மா. அன்னிக்கும் நீதானே சொன்ன."

ஆமாம், அன்றைக்கும் நான்தான் சொன்னேன்.

முதலில் கையால் சுற்றும் வின்ச்தான் வைத்திருந்தாய். சனி ஞாயிறுகளில் சென்னையிலிருந்தும் பாண்டியிலிருந்தும் வருகிறவர்கள் உப்புக் குவியலோடு படம் எடுக்க ஆசைப்பட்டு, மெயின் ரோட்டிலிருந்து காரை உப்பளப் பாத்திகளுக்கு நடுவே இறக்கிவிடுவார்கள். மேலே காய்ந்த தரை போலத் தெரியும், கீழே களி. சக்கரம் முழுக்கப் புதைந்ததும் உனக்கு போன் வரும். "மழை வந்தா உப்பு போயிடும். காரு மட்டும் எல்லா சீசன்லயும் விளையுது" என்று சிரிப்பாய். சுற்றிச் சுற்றித் தோள்பட்டை வீணான பிறகு மோட்டார் வின்ச் வாங்கினாய். அதைச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்து பாண்டியில் என் சாப்பாட்டு மேஜை மேல் வைத்தாய்.

"ஏம்மா ப்ரொபசரு, இதுக்குக் கரண்டு எங்கேர்ந்து எடுக்கறது?"

இத்தனை வருஷமாக இயற்பியல் சொல்லித் தருகிறேன். என் படிப்பிடம் நீ கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

ஜீப் பேட்டரியிலிருந்து வயர் இழுப்பதுதான் உன் யோசனை. நான் தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். ஜீப்பின் முன்பக்கத்திலிருந்து ட்ரெயிலர் வரை நீளம் அதிகம். சுமை ஏறும்போது வின்ச் கேட்கும் மின்சாரமும் அதிகம். சாதாரண வயர் சூடாகும், வின்ச்சுக்குப் பலம் போய்ச் சேராது. தடிமனான கேபிள் போட்டாலும் இடையில் இருக்கும் பிளக்கை இந்த உப்புக் காற்று ஒரு மழைக்காலத்துக்குள் பச்சை பூக்க வைத்துவிடும். ட்ரெயிலரிலேயே, வின்ச்சை ஒட்டி ஒரு தனி பேட்டரி வை, வீட்டில் சார்ஜ் போட்டுக்கொள் என்றேன்.

நீ தாளைப் பார்க்கவே இல்லை. "ஜீப்புன்னா இன்ஜின் ஓடிக்கினு இருந்தா போதும், தீராது. தனியா வெச்சா எவனாவது வந்து கேப்பான். ஜீப்பை எவனும் கழட்டிக்கினு போக மாட்டான்."

"அது பேட்டரியோட பிரச்சினை இல்லண்ணா. இல்லன்னு சொல்லத் தெரியாதது உன் பிரச்சினை."

கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தாய். "சரி விடு. படிச்சவ, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

என் கணக்கு சரியாகத்தான் இருந்தது. அதில் ஊர் இல்லை, அவ்வளவுதான். அனுமந்தையில் ஒரு கல்யாணத்துக்கு உன் பேட்டரி போனது. சாவு வீட்டுக்குப் போனது. புயலடித்த வாரம் தெருவே அதில் போன் சார்ஜ் போட்டது. அதனால் உனக்கு ஒரு பழக்கம் வந்தது. கிளம்பும் முன் வின்ச் பட்டனை ஒரு நொடி அழுத்திச் சத்தம் கேட்பாய். எவ்வளவு மீதி இருக்கிறது என்று அந்த உறுமலை வைத்தே சொல்லிவிடுவாய்.

எனக்கு அது பொறுக்கவில்லை. பூட்டு வாங்கி வந்தேன். அதற்கு இரண்டு சாவிகள். ஒன்றை என் கையில் வைத்து அழுத்தினாய். "எங்கிட்ட ரெண்டு இருந்தா ஒண்ணைக் குடுத்துடுவேன். இது உங்கிட்ட இருக்குன்னு யாருக்கும் சொல்லாத, உங்கண்ணிக்குக்கூட. அப்புறம் உன் வாசல்ல வந்து நிப்பானுங்க."

பூட்டு வந்த பிறகு நீ சத்தம் கேட்பதை நிறுத்திவிட்டாய். பூட்டிய பெட்டிதானே என்ற நம்பிக்கை. இதை நான் அப்போது கவனிக்கவில்லை.

மாதா கோயில் திருவிழா மாலையில், அண்ணியின் அம்மாவை அழைத்துவர நீயும் அண்ணியும் ஜீப்பில் வானூர் போயிருந்தீர்கள். வீட்டில், திருவிழாவுக்கு வந்திருந்த நான் மட்டும். மைக்செட் சேவியர் மூச்சிரைக்க வந்து நின்றான்.

"அக்கா, அண்ணன் இல்லியா? தேர் கெளம்பற நேரத்துல கரண்டும் போச்சு, ஜெனரேட்டரும் படுத்துக்கிச்சு. மைக் இல்லாம ஜெபமாலை எப்படிக்கா சொல்றது? ஊரே மெழுகுவத்தியோட நிக்குது."

ஏன் கொடுத்தேன் என்று பல முறை யோசித்திருக்கிறேன். பக்தியால் இல்லை, அது என்னிடம் அதிகம் கிடையாது. அந்த ஊரில் பிறந்தும் நான் விருந்தாளி. என்னிடம் யாரும் வந்து எதையும் கேட்டதில்லை. அன்று கேட்டார்கள். என் சாவியால் நானே பெட்டியைத் திறந்தேன்.

மறுநாள் காலை, நீ பூசைக்குப் போயிருந்தபோது, சேவியர் பேட்டரியைக் கொண்டுவந்து பெட்டியில் வைத்து வயரை மாட்டினான். "சுத்தமா எறங்கிப் போச்சுக்கா. அண்ணன்கிட்ட சொல்லி சார்ஜ் போட்டுடச் சொல்லுங்க" என்றான். சரி என்று பூட்டினேன். சாப்பிட்டுவிட்டு நீ தூங்கும்போது நானே சார்ஜ் போட்டுவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

நீ தூங்கவில்லை. பாதிச் சாப்பாட்டில் போன் வந்தது. "உப்பளத்துல எறக்கிட்டாங்களாம். கொழந்தைங்க வேற வெயில்ல நிக்குதுங்களாம்" என்று கையைக் கழுவினாய். நான் தட்டோடு வாசலுக்கு வந்தேன். ட்ரெயிலரை மாட்டினாய், ஜீப்பைக் கிளப்பினாய். ஒரு வாக்கியம் போதும். 'அண்ணா, பேட்டரியை நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.' சொல்லியிருந்தால் நீ கைதட்டிச் சிரித்திருப்பாய். "கடைசில நீயும் குடுத்துட்டியா!" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லியிருப்பாய். அந்தச் சிரிப்பைத் தாங்க எனக்கு மனமில்லை. கொஞ்சமாவது மீதி இருக்கும், ஒரு காரை ஏற்றிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எதையும் அளக்காமல் நம்பாதீர்கள் என்று வகுப்பில் சொல்கிறவள் நான்.

அது ஏற்றியது, பாதி வரை. களியிலிருந்து இழுத்து, ட்ரெயிலரின் சாய்பலகையில் நடுவரை கொண்டுவந்துவிட்டு வின்ச் நின்றது. ஜீப்பைக் கழற்றி ட்ரெயிலரின் பக்கத்தில் கொண்டுவந்து, அதன் பேட்டரியிலிருந்து வயர் கொடுத்திருக்கலாம். அந்த வயர் சீட்டுக்கு அடியிலேயே இருந்தது. பத்து நிமிஷ வேலை. ஆனால் குழந்தைகள் அழுதுகொண்டிருந்தன, 'கொஞ்சம் இருங்க' என்று சொல்ல உனக்கு வாய் வரவில்லை. யாருக்கும் எதற்கும் மறுப்புச் சொல்லாத உன் நல்ல குணத்தின் மேல் எனக்கு இன்றும் கோபம்தான். பாத்தியிலிருந்து நாலு பேரைக் கூப்பிட்டுப் பின்னாலிருந்து தள்ளினாய். வண்டிக்குப் பின்னால் நிற்காதே என்று எல்லோரையும் விரட்டுகிற நீ, நடுவில் நின்றாய்.

கார் மூன்றடி ஏறியது. முன்னால் கயிறு தொய்ந்தது. தொய்ந்ததைச் சுற்றி இழுக்க வின்ச்சில் உயிர் இல்லை. யாருக்கோ களியில் கால் வழுக்கியது. மற்றவர்கள் விலகிவிட்டார்கள், நடுவில் நின்ற உனக்கு வழி இல்லை. கயிறு இறுகியதும் கார் நின்றுவிட்டது. நீங்கள் கையால் ஏற்றிய அந்த மூன்றடிதான் அது திரும்பி வந்தது.

அடக்கத்தன்று அண்ணி எல்லோர் முன்னாலும் சேவியரைப் பிடித்துக்கொண்டார். "தீத்துட்டுக் கொண்டாந்து வெச்சியேடா, ஒரு வார்த்தை சொன்னியா?" வானூரிலிருந்து வந்ததும் பெட்டியைத் திறந்து கொடுத்தது நீ என்றே அண்ணி உட்பட எல்லோரும் நினைத்தார்கள். நீதானே எப்போதும் கொடுப்பவன். சேவியர் என்னைப் பார்த்தான். நான் உன் காலருகே உட்கார்ந்திருந்தேன். அவன் தலையைக் குனிந்து, "தப்புதான் அண்ணி" என்றான். அடுத்த திருவிழாவுக்கு வெளியூர் மைக்செட் வந்தது. சேவியர் இப்போது ஒரு வெல்டிங் கடையில் கூலிக்குப் போகிறான்.

நேற்று அண்ணிக்குப் பதில் சொன்னேன். ஜீப் பேட்டரியிலிருந்தே எடுக்கலாம், தடிமனான செம்பு கேபிள் போடுங்கள், பின்னால் மூடி உள்ள பிளக் வையுங்கள், மாதம் ஒருமுறை கிரீஸ் தடவுங்கள், வின்ச் இழுக்கும்போது இன்ஜினை அணைக்கக் கூடாது.

"தனி பேட்டரி வேணாமா?"

"வேணாம் அண்ணி. ஜீப்பை எவனும் கழட்டிட்டுப் போக மாட்டான்."

உன் வார்த்தை. என் வார்த்தைபோலச் சொன்னேன். அண்ணி தலையாட்டினார். "படிச்சவ, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

பூட்டை அறுக்க அண்ணி சேவியரைத்தான் கூப்பிட்டு அனுப்பியிருந்தார். கூப்பிட்டால் வராமல் இருக்க முடியாது என்று அவனும் நினைக்கிறான், அண்ணியும் நினைக்கிறார். ரம்பத்தோடு வந்து பெட்டி முன்னால் குந்தினான். பூட்டைப் புரட்டிப் பார்த்தான். பிறகு என் தோளில் தொங்கிய கைப்பையைப் பார்த்தான். முகத்தைப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்தான் என்றுதான் நினைக்கிறேன்.

"அக்கா, தள்ளி நில்லுங்க. தூள் கண்ல தெறிக்கும்."

தள்ளி நின்றேன்.

அறுபட்ட பூட்டை அண்ணி பழைய இரும்போடு வீசினார். பாண்டிக்குத் திரும்பும் பஸ்ஸில், கூனிமேடு தாண்டியதும், டிக்கெட்டுக்குச் சில்லறை தேடியபோது சாவி விரலில் பட்டது. அன்று வாசலில் சொல்லாத வாக்கியத்தை இதோ உனக்கு எழுதிவிட்டேன். உனக்கு எழுதுவது சுலபம். அதைக் கேட்க வேண்டிய அண்ணியும் சேவியரும் உயிரோடு இருக்கிறார்கள். சாவி இன்னும் பைக்குள்தான் இருக்கிறது.