வெர்லின் வார்னிஷ் அடித்த கலசம்

அன்புள்ள மர்னாவுக்கு அம்மா எழுதுவது. முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் எனக்குச் சுகம், ஆக்லாந்தில் நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். உன் அப்பாவின் அஸ்திக்காக நான் கடைந்த கலசத்தை வெர்லின் கெடுத்துவிட்டான். இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றது.

எங்கள் மரக் கடைசல் சங்கம் நூலகத்தில் வைத்த கண்காட்சிக்குக் கேட்டான், சங்கத் தலைவனாயிற்றே என்று கொடுத்தேன். மெழுகைத் தவிர வேறெதுவும் மேலே படக் கூடாது என்று நேருக்கு நேர் சொல்லித்தான் கொடுத்தேன். மற்றவர்களின் கிண்ணங்களுக்கு நடுவே மங்கலாகத் தெரிகிறதென்று அவனாகவே ஸ்ப்ரே வார்னிஷை அடித்துவிட்டான். செர்ரி மரத்தையும் வால்நட் மூடியையும் அது ஒன்றும் செய்யவில்லை, நடுவில் பட்டையாக ஓடும், சுட்டால் இறுகும் பாலிமர் களிமண்ணைத்தான் இளக்கிவிட்டது. இப்போது தொட்டால் விரல் ஒட்டுகிறது, நாய் முடியெல்லாம் அதில்தான். விடியலில் அப்பா தூண்டில் போடும்போது ஏரிக்கு இருக்கும் நீலம் வர எத்தனை தடவை பிசைந்தேன் என்று உனக்குத் தெரியும். மரத்தில் களிமண் தானாக ஒட்டாது, அதனால் பட்டைக்கான பள்ளத்தை வாய் குறுகலாக, உள்ளே அகலமாக வெட்டி, பிடித்துக்கொள்ளும்படி அழுத்தி, மரத்தோடு சேர்த்தே அடுப்பில் சுட்டு, மறுபடி கடைந்தேன். யாரும் சொல்லித் தரவில்லை, விரிசல் விட்ட கட்டைகள்தான் சொல்லித் தந்தன.

கேட்டால், "ஆர்லிஸ், பிள்ளைங்க விளையாடுற களிமண்ணைக் கொண்டுபோய் நல்ல மரத்துல வெச்சா இப்படித்தான் ஆகும், மரத்தை மரமா விட்டிருக்கலாம்ல" என்கிறான். "உன் வழுக்கையில அந்த வார்னிஷை அடிச்சிட்டு வா, மரமா மண்ணான்னு அப்புறம் பேசலாம்" என்றேன். சிரித்துவிட்டுப் போனவன், கூட்டத்தில் இனிமேல் களிமண் சேர்த்த வேலைகளை வைப்பதில்லை என்று அறிவித்துவிட்டான், எல்லாரும் தலையாட்டினார்கள்.

உன் தம்பி லைல், "செம்புல ஒண்ணு வாங்கிடலாம்மா, அப்பாவை இன்னும் எவ்வளவு நாள் அட்டைப்பெட்டியிலேயே வெச்சிருப்ப" என்கிறான். கல்லறைத் தோட்டத்தில் பனியில் உறைந்த மண் இளகாமல் யாரும் குழி தோண்டப் போவதில்லை, அதுவரை எனக்கு நேரமிருக்கிறது. பழையதைச் சரிசெய்ய முடியாது, சுவர் மெல்லிசு, சுரண்டினால் உளி மறுபக்கம் வந்துவிடும். புதிதாகத்தான் கடைய வேண்டும், கடைவேன்.

இங்கே குளிர் விடும்போது அங்கே தொடங்கும், பிள்ளைகளின் காதை மூடி அனுப்பு. நீங்கள் எல்லாரும் நோய்நொடியின்றி நன்றாக இருக்க வேண்டும்.

இனி ஆக வேண்டியது. லைல் ஈரமில்லாத செர்ரி கட்டை ஒன்று கொண்டுவர வேண்டும், ஈரம் இருந்தால் அடுப்பில் வெடிக்கும். வெர்லின் அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று, கெட்டது களிமண்ணால் அல்ல, தன் வார்னிஷால் என்று சொல்ல வேண்டும், சொன்ன பிறகு இங்கே வந்து அடுப்பு முன்னால் உட்கார்ந்து அளவுக்கு மேல் சூடு ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கடைவதும் பிசைவதும் நான். நீ மே மாதம் வந்து அந்த அட்டைப்பெட்டியைத் திறந்து அப்பாவைக் கலசத்தில் வைக்க வேண்டும், அது மட்டும் என்னால் ஆகாது.

உன் அம்மா
ஆர்லிஸ்