எல்லாவற்றுக்கும் அஞ்சு

மார்ச் 3, செவ்வாய்

ஸ்னேஹாவின் எம்.பி.ஏ. பிராஜக்டுக்கு எங்கள் பீன்யா தொழிற்பேட்டைக் கம்பெனி சம்மதித்துவிட்டது. வால்வு பூட்டும் என் பிரிவில் நாற்பத்திரண்டு பேர். அவர்களுக்கு வேலை எப்படி இருக்கிறது என்று அளக்கப் போகிறாளாம். வீட்டுப் பக்கம் பத்துக் கேள்வி: தூக்கம், பயணம், உடம்பு, குடும்பம். வேலைப் பக்கம் பத்து: சூடு, மெஷின், மரியாதை. ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து அஞ்சு வரை போட வேண்டும். நான் இரும்பை அளக்கிறவன். என் மகள் மனுஷனை அளக்க வருகிறாள். பத்தாவதையே இரண்டு தரம் எழுதித் தாண்டியவனுக்கு இப்படி ஒரு பிள்ளை.

மார்ச் 5

ஃபாரம் கொடுத்தாச்சு. ஷிஃப்டுக்கு முன்னால் எல்லோரையும் நிற்க வைத்து நானே பேசினேன். "எம் பொண்ணு பரீட்சைப்பா. கஞ்சத்தனம் வேணாம். எல்லாத்துக்கும் அஞ்சு போடுங்க."

போட்டார்கள். தங்கமான பசங்க.

மார்ச் 8, ஞாயிறு

மண்ணாங்கட்டி நான்.

சர்ச்சிலிருந்து வந்ததும் ஸ்னேஹா ஃபாரங்களைக் கட்டாக என் முன்னால் வைத்தாள். "டாடி, நாப்பத்திரண்டு பேரும் இருபது கேள்விக்கும் அஞ்சு. குணசேகர் மாமா தங்கவயல்லருந்து விடிகாலை ரயில் புடிச்சு வராரு. தூக்கத்துக்கு அஞ்சு. பொண்டாட்டியோட பேச நேரம் கிடைக்குதா, அதுக்கும் அஞ்சு. அவருக்குக் கல்யாணமே ஆகல."

உனக்குப் போடுற மார்க்குன்னு நெனச்சேன்மா என்றேன்.

"உங்க டாடிக்கு யாரும் அஞ்சு போட்டதில்ல. அந்த ஏக்கம்," என்றாள் மெர்சி, அடுப்படியிலிருந்து. கட்டிய மனைவி.

ஸ்னேஹா சிரிக்கவில்லை. இருபதாம் தேதிக்குள் உண்மையான ஃபாரம் வராவிட்டால் இந்த வருஷம் பட்டம் இல்லை என்று புரொஃபசர் சொல்லிவிட்டாராம்.

மார்ச் 9

பிள்ளையின் ஒரு வருஷம். இன்னா மனுஷன்யா நான்?

மார்ச் 11

எல்லோர் முன்னாலும் தப்பை ஒப்புக்கொண்டேன்.

"அப்போ நெஜத்த எழுதலாமா, தாஸண்ணா?" ஜெயராஜ் கேட்டான்.

"எழுதுடா."

"கோச்சுக்க மாட்டியே?"

ஏன் அப்படிக் கேட்டான்?

ஸ்னேஹா இரண்டு நிபந்தனை போட்டாள். யாரும் பேர் எழுத வேண்டாம். டாடி ஷெட்டிலேயே இருக்கக் கூடாது. அவர்கள் எழுதி முடிப்பதற்குள் கேன்டீனில் மூன்று டீ குடித்தேன்.

மார்ச் 17

"டாடி, உக்காருங்க," என்றாள். நல்ல சேதிக்கு யாரும் உட்காரச் சொல்வதில்லை.

ரயில், தூக்கம், கால்வலி எல்லாம் கஷ்டம்தானாம். ஆனால் அதே ரயிலில் வருகிறவர்களில் ஒருத்தனுக்கு வேலை பிடிக்கிறது, இன்னொருத்தனுக்குப் பிடிக்கவில்லை. வித்தியாசம் எங்கே என்று கணக்கில் தேடினால் ஒரு கேள்வியில் போய் நிற்கிறதாம்: 'பிரிவுத் தலைவர் உங்கள் பேச்சைக் கேட்கிறாரா?' சராசரி, அஞ்சுக்கு ஒன்று புள்ளி எட்டு.

பிரிவுத் தலைவர் நான்.

வாயில் வந்துவிட்டது, "அத மட்டும் எடுத்துடேன் கண்ணு. மேனேஜர் படிப்பாரு."

"அத எடுத்தா மத்தது எதுவும் நிக்காது, டாடி."

அவள் கண் கலங்கியிருந்தது. குரல் அசையவில்லை. பெற்ற அப்பனிடமே முடியாது என்கிறாள். இனி எந்த மேனேஜர் இவளை வளைக்க முடியும்? ஒன்று புள்ளி எட்டு வலிக்கத்தான் செய்கிறது. ஆனாலும் நெஞ்சு நிமிர்ந்துகொண்டே போகிறது. என்ன ஜென்மமோ.

ஏப்ரல் 8

கம்பெனியில் ஸ்னேஹா ரிப்போர்ட்டைப் படித்துக் காட்டினாள். புரொஃபசரும் வந்திருந்தார். "யாரும்மா இந்தப் பிரிவுத் தலைவர்?" என்றார் மேனேஜர். தெரிந்துகொண்டே கேட்கிறார்.

"எங்கப்பா, சார்."

நான் எழுந்து நின்றேன். யாரும் நிற்கச் சொல்லவில்லை. பரிசு வாங்கப் போகிறவன் மாதிரி நின்றேனாம், குணசேகர் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான்.

ஏப்ரல் 17

பாஸ். மெர்சி கேசரி செய்தாள்.

ஏப்ரல் 21, செவ்வாய்

வாஷர் தட்டு இடது பக்கம் இருப்பதால் தோள் போகிறது என்றான் ஜெயராஜ். "ரெண்டு வருஷமா சொல்றேன்ணா." பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. விழுங்கினேன். எங்கே வைக்கலாம் என்று அவனையே கேட்டேன்.

அவன் சொல்லி முடிக்கப் பதினோரு நிமிஷம் ஆயிற்று.