குடிக்காமல் வைத்த காப்பி

சல்ஃபீத் பக்கம், நம் வீட்டிலிருந்து
ஆகஸ்ட் கடைசி

அன்பு மகள் அபீருக்கு,

உனக்கும் மருமகனுக்கும் இறைவனின் அமைதி உண்டாகட்டும். இங்கே எல்லோரும் உடம்புக்குச் சுகமாக இருக்கிறோம். மற்றதைக் கீழே எழுதுகிறேன்.

நேற்று கோபத்தில் பாதியில் போனை வைத்துவிட்டாய். எனக்கு வருத்தமில்லை. நீ இருக்கும் அந்த நாட்டு வெளியுறவு அமைச்சகத்தில் மொழிபெயர்ப்பாளராக உட்கார்ந்துகொண்டு, சொந்தப் பெரியப்பாவைப் பற்றி அப்படி ஒரு குறிப்பைப் படிக்க நேர்ந்தால் யாருக்கும் கோபம் வரும். ‘ஊர்ப் பெரியவர்கள் காப்பியைக்கூடத் தொடவில்லை. நம் அரசின் மேல் கடும் அதிருப்தியில் இருக்கிறார்கள். எனவே அந்த வீட்டைப் பார்வையிடும் திட்டம் கைவிடப்படுகிறது.’ ராமல்லாவிலுள்ள அவர்களுடைய அலுவலகம் இப்படி எழுதியதாகச் சொன்னாய். நடந்தது அதுவல்ல. நான் உடன் போகவில்லை. ஆனால் போனவர்களில் மூன்று பேரிடம் தனித்தனியாகக் கேட்டேன். மூவர் சொன்னதும் ஒத்துப்போகிறது. பழைய பத்திரிகைத் தொழில் புத்தி.

உன் தம்பி முஹன்னத் வீட்டுக் கதவில் இடிப்பு ஆணை ஒட்டியிருப்பது உனக்குத் தெரியும். நம் நிலத்தில் நாம் கட்ட ஆக்கிரமிப்பு ராணுவ நிர்வாகத்திடம் அனுமதி கேட்டோம். மறுத்தார்கள். கல்யாணம் ஆனவன் எங்கே இருப்பான்? கட்டினான். இப்போது மேல்முறையீடும் தள்ளுபடியாகிவிட்டது, எந்த நாள் காலையிலும் இடிக்கும் வண்டி வரலாம். வெளிநாட்டுத் தூதரக ஆட்கள் நேரில் வந்து பார்த்துவிட்டுப் போகும் வீடுகளை இடிப்பதைச் சில சமயம் தள்ளிவைக்கிறார்கள் என்று வக்கீல் சொன்னார். காப்பாற்றுவார்கள் என்று அவர் சொல்லவில்லை.

அதைக் கேட்டதும் உன் பெரியப்பா அபூ ஹஸ்ஸான் சட்டென்று எழுந்துவிட்டார். “அப்போ ஜாஹா போவோம்” என்றார். பெண் கேட்கவும் பகை தீர்க்கவும் பெரியவர்கள் கூட்டமாகப் போவதுபோல, அந்த அலுவலகத்துக்குப் போய் முறையாகக் கேட்பதாக முடிவாயிற்று. மொழிபெயர்க்க முஹன்னத்தும் ஐந்து பெரியவர்களும் கிளம்பினார்கள். யார் யார் என்று கேட்டால் சிரிப்பாய். தண்ணீர்த் தொட்டிச் சண்டையில் நம்மோடு பேச்சை நிறுத்திய ஹாஜி தவ்ஃபீக்கும் போனார். ‘அவர் எதுக்கு?’ என்று முஹன்னத் கேட்டதற்குப் பெரியப்பா, “நாளைக்கு ஊர்ல ‘தவ்ஃபீக் எங்கே போனான்’னு கேப்பாங்கன்னு பயந்து வர்றான். வரட்டும். வந்து உட்கார்ந்தவன் அப்புறம் நம்மளத் தெரியாதுன்னு சொல்ல முடியாதுல்ல” என்றார்.

இரண்டு டாக்ஸிகளில் போனார்கள். மொழி தெரிந்த முஹன்னத் இருந்த வண்டியைச் சோதனைச் சாவடியில் நிறுத்திவிட்டார்கள். பெரியவர்கள் அவன் இல்லாமலே உள்ளே போனார்கள். அங்கிருந்த மொழிபெயர்ப்பாளர் வெளிநாட்டில் வளர்ந்தவர். நம் மொழி தெரியும், நம் வழக்கம் தெரியாது. அதிகாரி ஒரு பெண்மணி, மரியாதையானவர். காப்பி வந்தது. பெரியப்பா வந்த விஷயத்தைச் சொல்லிவிட்டு, கோப்பையை மேசைமேல் வைத்தார். மற்ற நால்வரும் வைத்தார்கள். கேட்டது கிடைக்கும்வரை ஜாஹா போனவர் குடிப்பதில்லை, அவ்வளவுதான். உனக்குப் பெண் கேட்டு வந்தபோது உன் அப்பா வேண்டுமென்றே யோசிப்பதுபோல் இருந்து, மாப்பிள்ளை வீட்டாரின் காப்பியை ஆறவிட்டாரே.

அந்தப் பெண்மணி கசப்பாக இருக்கிறதோ என்று சர்க்கரை வரவழைத்தார். பிறகு தேநீர். பிறகு தண்ணீர். ஒவ்வொன்றும் வரிசையாக மேசையில் நின்றது. ஹாஜி தவ்ஃபீக்குக்குச் சர்க்கரை வியாதி, தாகத்தில் நாக்கு வறண்டு, “அபூ ஹஸ்ஸான், தண்ணியையாவது குடிக்கலாமா?” என்று காதில் கேட்டாராம். பெரியப்பா, “குடிச்சா வந்தது வீண். எச்சிலை முழுங்கு” என்றாராம். கடைசியில் அந்தப் பெண்மணி முகம் சிவந்து, பரிசீலிப்பதாகச் சொல்லி எழுந்தார். இவர்களும் மரியாதையாக எழுந்து வந்தார்கள். காரியம் பாதி முடிந்தது என்று வேறு நினைத்துக்கொண்டு வந்தார்கள்.

அபீர், இதை நீதான் அங்கே விளக்க வேண்டும். அவமதிப்பு இல்லை, அதைவிடப் பெரிய மரியாதை நம்மிடம் இல்லை என்று சொல்.

இன்னொன்றும் கேட்டாய். நம்மை ஒரு நாடாக அங்கீகரிப்பதா வேண்டாமா என்று உன் அமைச்சகத்தில் விவாதம் நடக்கிறது, ‘ஒரு தாளில் எழுதுவதால் என்ன மாறும், அரசுகள் ஏன் இதைச் செய்கின்றன’ என்று உடன் வேலை செய்பவர்கள் கேட்கிறார்கள் என்றாய். இந்தக் கேள்வியை நான் பத்திரிகையில் இருந்த காலம் முழுவதும் வந்த போன அதிகாரிகளிடம் கேட்டிருக்கிறேன். எண்பத்தெட்டில் நம்மவர்கள் நாட்டை அறிவித்ததும் இந்தியா போன்றவை உடனே அங்கீகரித்தன. தாங்களும் அந்நியர் ஆட்சியின் கீழ் இருந்தவர்கள் என்பதை அவர்கள் அப்போது மறந்திருக்கவில்லை. மேற்கிலிருந்து வந்தவர்கள், பேச்சுவார்த்தை முடிந்ததும் தருவோம், அது கடைசிச் சீட்டு என்றார்கள். அதே ஆட்கள் பின்னால் வந்து, பேச்சுவார்த்தை தொடங்கவே இல்லை, இனியும் பொறுத்தால் அங்கீகரிக்க நிலமே மிஞ்சாது என்றார்கள். ஒருவர் தன் நாட்டுத் தெருக்களில் கூட்டம் நிற்கிறது, தேர்தல் வருகிறது என்றார். இன்னொருவர் தங்கள் தாத்தாக்கள் கோடு போட்ட வரைபடம் இது என்று தலைகுனிந்தார். ஒரே ஒருவர்தான், குறிப்பு எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஆயுத விற்பனையை நிறுத்துவதைவிட இது மலிவு என்றார். எல்லாமே உண்மையாக இருக்கலாம். மனிதர்களைப் போலத்தான் அரசுகளும், ஒரே காரணத்துக்காக எதையும் செய்வதில்லை. முன்பு காரணங்களைத் தோண்டிக்கொண்டே இருப்பேன். இப்போது ஹாஜி தவ்ஃபீக் எதற்காக வந்தார் என்பது எனக்கு முக்கியமாகத் தெரியவில்லை.

இந்தக் கடிதம் கிடைத்ததும் அந்தப் பெண்மணியின் மேலதிகாரியைப் பார். முஹன்னத் ஜன்னலோரம் உட்கார்ந்து சாலையையே பார்க்கிறான். அவன் மனைவி துணிகளை மூட்டையிலிருந்து அலமாரியில் வைக்க மறுக்கிறாள்.

உன் வார்த்தைக்கு இறைவன் வழி திறக்கட்டும்.

உன் அம்மா,
நிஃமத்

*

நம் வீட்டிலிருந்து
அக்டோபர், ஆலிவ் பறிப்புத் தொடங்கிய வாரம்

அன்பு அபீருக்கு,

உன் கண்களுக்குக் குளிர்ச்சி உண்டாகட்டும். நீ பேசிய பேச்சு வீண் போகவில்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

அங்கீகார அறிவிப்பு வந்த அன்று தொலைக்காட்சி முன்னால் எல்லோரும் இருந்தோம். உன் நாட்டுப் பிரதமர் நம் நாட்டின் பெயரைச் சொன்னபோது பெரியப்பா எழுந்து நின்றார். எதற்கு நிற்கிறார் என்று யாரும் கேட்கவில்லை. ஹாஜி தவ்ஃபீக் நாப்லுஸிலிருந்து ஒரு தட்டு குனாஃபா வாங்கிவந்தார், தொட்டிச் சண்டைக்குப் பிறகு நம் வாசலுக்குள் முதல் தடவை. முஹன்னத் தொடவில்லை. “இனிப்பு இருக்கட்டும் ஹாஜி. கதவுல ஒட்டுன தாளை அவங்க கிழிக்கலையே” என்றான். “நாடு வந்திருக்குடா” என்றார் ஹாஜி. “வந்துச்சு சரி. எந்த ரோட்டுல வந்துச்சு? சாவடியில நிறுத்தலையா?” என்று அவன் கேட்க, ஹாஜிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மறுவாரம் அந்தப் பெண்மணி வந்தார். தூதரக வண்டி நம் சந்துக்குள் திரும்ப முடியாமல், சாலையில் இறங்கி நடந்தே வந்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்தார், ஆணையைப் படம் எடுத்தார். நான் காப்பி வைத்தேன். கோப்பையை வாங்கி, கீழே வைத்தார். குடிக்கவில்லை.

பெரியப்பாவின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். வாழ்நாளில் அவரிடம் யாரும் இப்படி ஜாஹா வந்ததில்லை. முஹன்னத் மூலம் கேட்டார், “ஏம்மா, எங்ககிட்டக் கேக்க என்ன இருக்கு?”

அவர் சொன்னதை முஹன்னத் மெதுவாக மொழிபெயர்த்தான். “எங்க அரசு அறிவிச்சாச்சு. ஆனா இந்த இடிப்பை நிறுத்தி வைக்க என்கிட்ட அதிகாரம் இல்லை. பொய் சொல்லிட்டு இந்தக் காப்பியைக் குடிக்க மாட்டேன். ஒண்ணு மட்டும் கேக்குறேன். இடிக்க அவங்க வர்ற அன்னிக்கு, எந்த நேரமா இருந்தாலும், முதல் போன் எனக்குப் பண்ணுங்க.”

பெரியப்பா தாடியைத் தடவிக்கொண்டு இருந்தார். ஹாஜி தவ்ஃபீக், “சீக்கிரம் சொல்லுய்யா, ஆறிப்போகுது” என்று அவர் முழங்கையை இடித்தார்.

“கேட்டதைத் தந்தோம். குடிம்மா.”

குடித்தார். கசப்பில் முகம் சுளித்தது, ஆனால் மிச்சம் வைக்கவில்லை.

அவர் எண்ணை முஹன்னத் சுவரிலேயே எழுதிவிட்டான், கதவுக்குப் பக்கத்தில், பெரிதாக. இடிக்கிற சுவரில் எழுதுகிறாயே என்றேன். தாளில் எழுதினால் தொலைந்துவிடும் அம்மா என்றான். அவன் மனைவி அன்றைக்குத்தான் ஒரு மூட்டையை மட்டும் பிரித்தாள். மற்றது கட்டியபடியே இருக்கிறது.

நேற்று மேலைச் சரிவில் நம் மரங்களில் பறிக்கத் தொடங்கினோம். காய் குறைவு. கீழே சாலையில் இடிக்கும் மஞ்சள் இயந்திரம் ஒன்று ஏற்றிய பெரிய வண்டி போனது. எல்லோரும் கையை நிறுத்திவிட்டோம். அது அடுத்த ஊருக்குத் திரும்பிய பிறகும், கொஞ்ச நேரம் யாருக்கும் கிளையைப் பிடிக்கத் தோன்றவில்லை. நிம்மதிப்பட்டதற்கு எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த ஊரிலும் சுவரில் யாராவது ஒரு எண்ணை எழுதி வைத்திருப்பார்களா என்று நினைத்துக்கொண்டேன்.

மகளே, அந்தப் பெண்மணியை நான் நம்புகிறேன். ஆனால் அதிகாரிகள் மாறுவார்கள். அவர் இடத்துக்கு வருபவருக்கு இந்தச் சுவரும் தெரியாது, காப்பியும் தெரியாது. உன் நாடு எந்தக் காரணத்துக்காக எங்களை அங்கீகரித்திருந்தாலும் சரி, நம் வீட்டில் உட்கார்ந்து கோப்பையைக் காலி செய்துவிட்டது. நீ அந்தக் கட்டடத்துக்குள் இருக்கிறாய். ஒரு நாள் காலையில் இங்கிருந்து அந்த எண்ணுக்குப் போன் போகும். அது அடித்துக்கொண்டே இருக்க விடாதே. யாராவது ஒருவரை எடுக்கச் சொல்.

இறைவன் உன் கதவை என்றும் திறந்தே வைத்திருக்கட்டும்.

உன் அம்மா,
நிஃமத்