காலி டிரம் கணக்கு

என்னங்க,

பாப்பா சஃபாவோட கையில தீப்புண்ணுக்குக் கட்டு மாத்த வேலூர் போறோம். குஸ்கா ஹாட்பாக்ஸ்ல இருக்கு.

உங்க பெரிய ரிமோட் காருக்கு மோட்டருக்குக் கரண்ட் விடுற அதே எண்பது ஆம்பியர் கன்ட்ரோலரை மறுபடியும் ஆர்டர் போடாதீங்க. சக்கரத்தை அந்தரத்துல சுத்தவிட்டு அளந்துட்டு, “இவ்ளோதான் இழுக்குது, போதும்”னீங்க. நீங்க தோல் டேனரி எலக்ட்ரீஷியன். ஈரத் தோல் போடாம காலி டிரம்மைச் சுத்திப் பாத்துட்டு, அந்தக் கணக்குக்கா மோட்டர் எடுப்பீங்க? பதினஞ்சு கிலோ வண்டி. பெரிய கன்ட்ரோலர் ஒண்ணை இரவல் வாங்கி, தரையில ஓட்டி அளங்க. புதுசு அதுக்கு மேலயும் தாங்கணும், எட்டு செல் பேட்டரிக்கும் ஒத்து வரணும், அப்படிப் பாத்து வாங்குங்க.

அளக்கறப்போ கேளுங்க, தர்றேன்; அதுவரைக்கும் பேட்டரி பீரோல இருக்கும். சாவி என்கிட்ட.

ருகையா

ராத்திரியே சொல்லிருக்கணும். நேத்து கன்ட்ரோலர் பத்திக்கிட்டப்போ நீங்க மொதல்ல தூக்கினது காரை. சஃபா அதைப் பாத்துட்டா.